கழித்துப் பாருங்கள், வகுத்துப் பாருங்கள்

இருபடிச் சார்பும் அடுக்குக்குறிச் சார்பும் பள்ளியில் பெரும்பாலும் வரைபடங்களாகவே மனதில் பதிகின்றன. ரசிப்பதற்கு வரைபடம் போதாது. வலப்பக்கத் துண்டை மட்டும் பார்த்தால் இரண்டுமே மேல்நோக்கி வளையும் கோடுகள்தான். மதிப்புகளை வரிசையாக எழுதி, அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பார்த்தால்தான் இவற்றின் குணம் பிடிபடும். 1, 4, 9, 16, 25 என்ற வர்க்கங்களைக் கழித்தால் 3, 5, 7, 9 வரும். அவற்றையும் கழித்தால் 2, 2, 2. சம இடைவெளியில் மதிப்பெடுத்தால் எந்த இருபடிச் சார்புக்கும் இரண்டாம் வேறுபாடு மாறவே மாறாது. ஓய்விலிருந்து விழும் பொருள் சமமான நேரத் துண்டுகளில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் அமையும் என்று கலிலியோ 1638-இல் வெளியான நூலில் காட்டினார். கூட்டினால் வர்க்கங்கள், கழித்தால் மீண்டும் அதே 2. ஈர்ப்பு ஒரே அளவில் இழுத்துக்கொண்டிருப்பதை அந்த மாறாத எண் சொல்கிறது. எவ்வளவு அழகான விஷயம் இது!

இனி 1, 2, 4, 8, 16, 32 என்பதைக் கழியுங்கள். 1, 2, 4, 8, 16 என்று அதே வரிசை திரும்ப வருகிறது. எத்தனை முறை கழித்தாலும் அது தீர்வதில்லை. இருப்பதற்கு ஏற்பக் கூடுவதே இதன் இயல்பு: 10 சதவீதக் கூட்டு வட்டியில் 1,000 ரூபாய்க்கு முதலாண்டு 100, அடுத்து 110, பிறகு 121. இதன் பலத்தை உணர ஒரு போட்டி வையுங்கள். ஓர் எண்ணின் வர்க்கத்தை ஆயிரத்தால் பெருக்குங்கள். அதே எண்ணை 2-க்கு அடுக்காகவும் போடுங்கள். 10-இல் வர்க்கத்தின் பக்கம் 1,00,000. அடுக்கின் பக்கம் வெறும் 1,024. 18-இலும் 3,24,000-க்கு 2,62,144 என்று வர்க்கமே முந்துகிறது. 19-இல் 3,61,000-க்கு 5,24,288. அதற்குப் பிறகு வர்க்கத்தால் எட்டிப்பிடிக்கவே முடியாது.

தேர்வுக்கு இது உதவுமா என்று கேட்கலாம். உதவும்: மதிப்புகளை ஒவ்வோர் எண்ணாக ஏற்றி எடுத்தால், இரண்டாம் வேறுபாட்டில் பாதிதான் வர்க்க உறுப்பின் கெழு. இதைவிடக் கனமான ஆட்சேபம், உலகில் கிடைக்கும் எண்கள் இப்படித் துல்லியமாக அமைவதில்லை என்பது. உண்மைதான். ஆனால் விலகல் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்கவும் இதே வழிதான் கைகொடுக்கிறது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். 1961-இல் சுமார் 43.9 கோடி, பிறகு 54.8, 68.3, 84.6, 102.9, 2011-இல் 121.1. ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதால் வகுத்தால், முதல் மூன்று பத்தாண்டுகளிலும் பெருக்கம் ஏறத்தாழ 1.24 மடங்கு; கிட்டத்தட்ட அடுக்குக்குறி வளர்ச்சிதான். அடுத்து 1.22, அதற்கடுத்து 1.18. கடைசி இரு பத்தாண்டுகளிலும் கூடியவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு, 18 கோடிக்குச் சற்று மேல். மொத்தத்தை மட்டும் வரைந்தால் கோடு ஏறிக்கொண்டே போவதுதான் கண்ணில் படும். பெருக்கம் தளர்ந்துவிட்டதை வகுத்துப் பார்த்தவரே அறிவார்.