நாம் உட்காரும் முன் ஸீட் உட்கார வேண்டும்

போன சித்திரையில் அக்கா பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவிலுக்கு வீடு மாறினாள். சாமான்கள் எல்லாம் லாரியில் போனபிறகு வாஷிங் மெஷின் மட்டும் மிஞ்சியது. அத்தானிடம் ஏழு பேர் போகிற ஃபேமிலி வேன் இருக்கிறது. கடைசி வரிசையின் இரண்டு ஸீட்டையும் கழற்றி எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு மெஷினை ஏற்றினோம், கொண்டுபோய் இறக்கினோம், திரும்பி வந்தோம். மறுநாள் காலை பிள்ளைகளோடு திருச்செந்தூர் போவதாக ஏற்பாடு. ராத்திரி பத்து மணிக்கு செல்போன் வெளிச்சத்தில் நானும் அத்தானும் ஸீட்டுகளைத் திரும்ப மாட்டினோம். 'டக்'கென்று சத்தம் கேட்டது. வேலை முடிந்தது என்று போய்ப் படுத்துவிட்டோம்.

காலையில் வந்த ஆக்டிங் டிரைவர் பின்கதவைத் திறந்தார். பைகளை வைப்பதற்கு முன்னால் இரண்டு ஸீட்டையும் ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். "அண்ணே, இடது பக்க ஸீட்டு உக்காரல" என்றார்.

குனிந்து பார்த்தால், முன் கொக்கிகள் மாட்டியிருக்கின்றன. பின்னால் உள்ள இரண்டு பூட்டில் ஒன்றுதான் விழுந்திருக்கிறது. இன்னொன்றின் குழியில் ஒரு ரூபாய் நாணயமும் கொஞ்சம் கடலைத் தோலும் கிடந்தன. நாங்கள் கேட்டது ஒற்றைப் பூட்டின் 'டக்'. அந்த ஸீட்டில் உட்கார இருந்தது அக்காவின் எட்டு வயது மகள்.

வண்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தப்பு வண்டியுடையது அல்ல, எங்களுடையது. ஆனால் ஊரிலிருந்து வந்ததும் அந்த வண்டியின் கையேட்டை எடுத்து, பின் ஸீட் பற்றிய பகுதியை ஒரு கதையைப் படிப்பதுபோல வரி வரியாகப் படித்தேன். பிறகு இணையத்தில் கிடைக்கிற வேறு சில வேன்களின் கையேடுகளையும் படித்தேன். நான் மெக்கானிக் இல்லை, வாசகன். ஆகவே இது ரிப்பேர் குறிப்பு இல்லை. யாரும் விமர்சனம் எழுதாத ஒரு எழுத்து வகைக்கு எழுதும் விமர்சனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தானின் கையேட்டில் ஸீட்டைக் கழற்றுவதற்குப் படம் போட்டு ஆறு படிகள். எந்த லீவர், எந்தப் பட்டை, எந்தப் பக்கம் இழுக்க வேண்டும், எல்லாம் தெளிவு. ஸீட்டைத் திரும்ப மாட்டுவதற்கு? கழற்றியதை வரிசை மாற்றிச் செய்யவும் என்கிற பொருளில் ஒரே ஒரு வரி. படித்த மற்ற கையேடுகளில் சில இதைவிட மேல். ஆனால் கழற்றுவதற்கு ஒரு பக்கம், மாட்டுவதற்கு ஒரு பத்தி என்கிற விகிதம் அநேகமாக எல்லாவற்றிலும் இருந்தது.

என் புகார் இந்த ஒரு வரியின்மேல்தான். கழற்றுவதும் மாட்டுவதும் ஒன்றுக்கொன்று தலைகீழ் என்று அது சொல்கிறது. கை அசைவுகளைப் பொறுத்தவரை உண்மை. தப்பு நடக்கும் விதத்தைப் பொறுத்தவரை பொய். கழற்றும்போது ஒரு படியை விட்டுவிட்டால் ஸீட் வராது. தப்பு உடனே தெரிந்துவிடும். மாட்டும்போது ஒரு படியை விட்டால் ஒன்றும் தெரியாது. ஸீட் தன் எடையிலேயே நின்றுகொள்ளும், பார்க்க அப்படியே இருக்கும், உட்கார்ந்தால் தாங்கும். முதல் பலத்த பிரேக் வரும்வரைக்கும் அது நல்ல ஸீட்தான்.

இதை ஏதோ திண்ணையில் உட்கார்ந்து யோசித்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2017 நவம்பரில் அமெரிக்காவில் ஹோண்டா நிறுவனம் சுமார் 8 லட்சம் ஒடிஸி வேன்களைத் திரும்ப அழைத்தது. 2011 முதல் 2017 வரையிலான மாடல்கள். இரண்டாம் வரிசையின் ஓரத்து ஸீட்டுகளைக் கழற்றி மாட்டிய பிறகோ, பக்கவாட்டில் நகர்த்திய பிறகோ பூட்டு சரியாக விழாமல் போனால், பிரேக் போடும்போது ஸீட் முன்பக்கம் கவிழக்கூடும் என்பது காரணம். சிறு காயங்கள் பற்றி 46 புகார்கள் வந்திருந்தன. கவனியுங்கள்: உடைந்த ஸீட் அல்ல, பூட்டு விழாத ஸீட். மாற்று ஏற்பாடு தயாராகும்வரை நிறுவனம் செய்த முதல் காரியம், ஸீட்டை எப்படிச் சரியாகப் பூட்டுவது என்று விளக்கும் ஒரு குறிப்பை வெளியிட்டது. அதாவது 8 லட்சம் வண்டிகளுக்கு முதலுதவியாகப் போனது ஒரு எழுத்து. அந்த எழுத்து ஸீட்டோடு சேர்ந்து முதல் நாளே வந்திருக்க வேண்டியது.

பூட்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி மோதி அரை மீட்டருக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் உள்ளே இருக்கிற எல்லாவற்றின்மீதும் அதனதன் எடையைப்போல ஏறக்குறைய 20 மடங்கு விசை விழும். 20 கிலோ ஸீட், 400 கிலோ பாரம்போல முன்னால் பாய நினைக்கும். அமெரிக்காவின் 207-ஆம் எண் பாதுகாப்பு விதி, ஸீட் தன் எடையின் 20 மடங்கு விசையை முன்பக்கமும் பின்பக்கமும் தாங்க வேண்டும் என்கிறது. ஐ.நா.வின் 17-ஆம் எண் விதி இன்னொரு பக்கத்தைப் பார்க்கிறது: பின்னால் இருக்கும் சாமான் பாய்ந்து வந்தால் ஸீட்டின் முதுகு தாங்குமா என்று 18 கிலோ கட்டைகள் இரண்டை வைத்து, 50 கிலோமீட்டர் வேக மோதலில் சோதிக்கிறது.

இவையெல்லாம் பூட்டிய ஸீட்டுக்கான சோதனைகள். எங்கள் இடது பக்க ஸீட் எந்தச் சோதனையில் பாஸான வகையாக இருந்தாலும் அன்று காலை அதற்கு அர்த்தமில்லை. பெல்ட்டும் அப்படித்தான். நம் ஊர் மோட்டார் வாகன விதி 138(3), முன்நோக்கிய பின் ஸீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்கிறது. சரி. ஆனால் பெல்ட்டின் பக்கிள் ஸீட்டோடு இணைந்த வண்டிகளில், ஸீட் தரையைப் பிடித்திருந்தால்தான் பெல்ட் நம்மைப் பிடிக்கும்.

இந்த ஆபத்தைக் குறைக்க வண்டி செய்கிறவர்கள் முயலாமல் இல்லை. 1984 மாடலாக வந்த கிரைஸ்லரின் முதல் மினிவேன்களில் பின் பெஞ்சைக் கழற்றித் தூக்க வேண்டும். அது முதுகை ஒடிக்கிற கனம். 90-களில் வந்த ஒடிஸியில் மூன்றாம் வரிசை மடங்கித் தரைக்குள் போனது. 2005 மாடலில் கிரைஸ்லர் இரண்டாம் வரிசையையும் தரைக்குள் இறக்கியது. ஸீட் வண்டியைவிட்டு வெளியே போவதே இல்லை. தப்பாக மாட்டுகிற வாய்ப்பு பெருமளவு போய்விட்டது, பதிலுக்கு ஸீட்டின் மெத்தை மெலிந்தது. நம் ஊர் இன்னோவாவில் மூன்றாம் வரிசையைப் பக்கவாட்டில் தூக்கி ஓரத்தில் மாட்டிவிடுவோம். இடம் கொஞ்சம் அடைக்கும், ஆனால் ஸீட் தரையைவிட்டுப் பிரிவதில்லை. 2021 மாடலாக வந்த டொயோட்டா சியன்னாவிலோ இரண்டாம் வரிசையை நாம் கழற்றவே முடியாது. ஸீட்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது. வாங்குகிறவர்கள் இதைக் குறையாகத்தான் பேசினார்கள். எனக்கு என்னவோ அது ஒரு நேர்மையாகப் படுகிறது.

கழற்றுகிற ஸீட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாராகிற ரெனால்ட் டிரைபரை எடுத்துக்கொள்ளுங்கள். 4 மீட்டருக்குள் ஏழு பேர். ஏழு ஸீட்டும் இருந்தால் பின்னால் 84 லிட்டர் இடம், கடைசி இரண்டையும் கழற்றினால் 625 லிட்டர் என்பது நிறுவனம் தரும் கணக்கு. மாதம் ஒருமுறை ஊருக்கு அரிசி மூட்டையோடு போகிற குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் பெரிசு. சுலபமாகக் கழற்றுவது நல்ல வசதிதான். ஆனால் ஒரு வண்டி எவ்வளவு சுலபமாகக் கழற்ற விடுகிறதோ, அவ்வளவு கறாராகத் திரும்ப மாட்டச் சொல்லித்தர வேண்டும் என்பதுதான் என் அளவுகோல். எங்கள் வண்டியின் கையேடு அதில் தேறவில்லை.

கையேட்டை மட்டும் திட்டினால் நியாயமாகாது. நாமும் சேர்ந்து கெடுக்கிறோம். ஆம்னி காலத்திலிருந்தே நமக்கு வேன் என்றால் எத்தனை பேரையும் எதையும் அடைக்கிற அறை. புது வண்டி வந்த வாரமே ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி ஒரு இடத்துக்குக் கொண்டுபோய்த் தடிமனான மேட் விரிக்கிறோம், ஸீட் கவர் மாட்டுகிறோம். மேட் தரைக் குழிகளின்மேல் ஏறிக்கொள்கிறது. கவர், இழுக்கிற பட்டையையும் பக்கிளையும் மூடிவிடுகிறது. முதுகு பூட்டாமல் இருந்தால் தெரிவதற்காகச் சில வண்டிகளில் சின்னதாகச் சிவப்புக் குறி வைத்திருப்பார்கள். கவர் அதையும் விழுங்கிவிடும். எங்கள் வண்டியில் கையேடு இங்கிலீஷில், உறை பிரிக்காமல், டேஷ்போர்டில். ஸீட்டைத் தொடுவதோ பெரும்பாலும் டிரைவரும் சாமான் ஏற்ற வந்தவரும்.

திட்டினால் மட்டும் போதாது, அந்த ஒரு வரிக்குப் பதில் என்ன எழுதியிருக்கலாம் என்று நானே எழுதிப் பார்த்தேன். அவரவர் வண்டிக்கு அதனதன் முறை உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவாக இவ்வளவு:

ஸீட்டை நகர்த்துவது, மடக்குவது, கழற்றுவது எல்லாம் வண்டி சமதரையில் நின்று, ஹேண்ட்பிரேக் போட்டபிறகுதான். ஓடுகிற வண்டியில் பின் ஸீட்டை முன்னே பின்னே தள்ளாதீர்கள். நகர்த்தி முடித்ததும் உட்கார்ந்தபடியே உடம்பை முன்னும் பின்னும் உந்திப் பாருங்கள். நகரக்கூடாது.

மடக்கும் முன் பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். குழந்தை ஸீட் மாட்டியிருந்தால் அதை முதலில் எடுங்கள். பெல்ட்டைப் பக்கிளிலிருந்து விடுவித்து ஓரத்தில் ஒதுக்குங்கள், ஹெட்ரெஸ்டை இறக்குங்கள். ஒரு கை லீவரில், இன்னொரு கை ஸீட்டின் முதுகில். ஸ்பிரிங் வேகத்தில் முதுகு விழும். மடிப்புக்குள் விரல் போனால் நசுங்கும்.

கழற்றுவதானால் இரண்டு பேர். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். எது இடது, எது வலது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஸீட்டை வண்டிக்குள்ளேயே சும்மா கிடத்திக்கொண்டு போகாதீர்கள். கனமான சாமானைத் தரையில், முன் ஸீட் முதுகை ஒட்டி வைத்துக் கட்டுங்கள். ஸீட் இல்லாத இடத்தில் யாரும் உட்காரக் கூடாது, பக்கத்து ஊருக்கானாலும்.

மாட்டும்போது பகல் வெளிச்சம் வேண்டும். முதலில் மேட்டை விலக்கிக் குழிகளைத் துடையுங்கள். முன் கொக்கி, பிறகு பின் பூட்டு. எத்தனை பூட்டு என்று தெரிந்துகொண்டு ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள். சத்தத்தை நம்பாதீர்கள். பெல்ட் அடியில் சிக்கவில்லை, முறுக்கவில்லை என்று பாருங்கள். ஹெட்ரெஸ்டைத் திரும்ப மாட்டுங்கள். கடைசியாக, பலமாக ஒரு ஆட்டு. முன்னே, பின்னே, மேலே.

உட்கார்ந்தபிறகு முதுகை ரொம்பச் சாய்க்காதீர்கள். படுத்த நிலையில் பெல்ட் போட்டால், மோதலில் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கி, இடுப்பெலும்பில் நிற்க வேண்டிய பட்டை வயிற்றில் ஏறிவிடும்.

எழுதி முடித்ததும் ஒன்று உறைத்தது. அந்த டிரைவர் எந்தக் கையேடும் படித்தவரில்லை. "எப்படிண்ணே தெரிஞ்சுது?" என்று வழியில் கேட்டேன். முன்பு ஓட்டின ஒரு வண்டியில், பிரேக் போட்டபோது பின் ஸீட்டு ஒரு அம்மாவோடு முன்னால் வந்துவிட்டதாம். அந்த அம்மாவுக்கு மூக்கில் அடி, அதோடு போயிற்று. "அதிலேர்ந்து எந்த வண்டி எடுத்தாலும் ஆட்டிப் பாத்துட்டுத்தான்" என்றார். ஒருவர் மூக்கில் அடிபட்டுத்தான் இந்த அறிவு அவருக்கு வந்திருக்கிறது. கையேடு எழுதுகிறவருடைய வேலையே, அந்த அடி விழாமல் இந்த அறிவை நமக்குக் கொடுப்பதுதான்.

மேலே உள்ளதைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து அத்தான் வண்டியின் பின்கதவு உட்புறத்தில் ஒட்டியிருக்கிறோம். ஏழு ஸீட் வண்டி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே போய்க் கடைசி வரிசையை ஒரு ஆட்டு ஆட்டிப் பாருங்கள். உங்கள் கையேட்டில் மாட்டுவதற்கு எத்தனை வரி இருக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள். எண்ணிப் பார்க்க ஆசை.