தண்ணீரும் துறையும்: இடர்க்கால நகர வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

நகரம் அழிந்த கதையைச் சொல்வதில் தமிழ்க் காப்பியங்கள் வல்லன. கண்ணகியின் சினத்தீ மதுரையை உண்டது. இந்திரவிழாக் கைவிடப்பட்டமையாற் புகாரைக் கடல் கொண்டது. இரண்டிடத்தும் பிழை ஒன்று, அதற்குத் தண்டம் ஒன்று என அறத்தின்பாற்பட்ட காரணம் காட்டப்படுகின்றது. ஆயின் இடர் நீடிக்குங் காலத்தில் மாந்தர் நாள்தோறும் எவ்வாறு உலையேற்றினர், பிள்ளைகளை எவ்வாறு கல்விக்கு அனுப்பினர் என்பன காப்பியப் புலவரின் கவலைகள் அல்ல. மணிமேகலை ஒன்றே சிறிது விலகி நிற்கின்றது. பாண்டிநாட்டிற் பன்னீராண்டு மழை பொய்த்ததும், ஆபுத்திரன் அமுதசுரபி பெற்றதும் யாவரும் அறிந்தவை. மழை பெய்து நாடு செழித்தபின் அவனிடம் உண்பார் ஒருவரும் வாராதொழிந்தமையும், பசித்தோர் கூடிய அம்பலத்தில் வீணரும் சூதரும் கூடியமையும் அத்துணையாகக் கவனிக்கப்படுவதில்லை. சாத்தனாரின் கண் கூர்மையானது.

இக்கூர்மையை உரைநடையில் முழுமையாக ஆண்டவர் அசோகமித்திரன். 1973இல் நூலாக வந்த அவரது ‘தண்ணீர்’ சென்னை நகரின் நீர்ப்பஞ்சத்தைப் பொருளாகக் கொண்டது. பஞ்சத்தின் அளவை அவர் புள்ளிவிவரத்தாற் கூறவில்லை. குடங்களும், கைப்பம்புகளும், தோண்டிப் போட்ட தெருவும், குடத்தோடு காத்துநிற்கும் பெண்டிரின் சிறு பூசல்களுமே அவருக்குப் போதியனவாயின. ஜமுனா, சாயா என்னும் உடன்பிறந்தார் இருவரின் குடும்பத் துயரும் நகரின் நீர்த்துயரும் ஒரே தெருவில் நடமாடுகின்றன. எது பெரிது என்று ஆசிரியர் சொல்வதில்லை. இதனை யான் அந்நூலின் தலைசிறந்த பண்பெனக் கொள்வேன். இடர்ப்பட்ட ஊரில் மக்கள் நாள் முழுதும் இடரையே எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

இந்நூலைச் சென்னையிலிருந்து படிப்பது ஒன்று; எமது திருகோணமலை மாவட்டத்தில், கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியிலிருந்து படிப்பது மற்றொன்று. அவ்வூரார்க்கு இடர் புதியதன்று. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை கிண்ணியாவின் மருத்துவமனையையே சிதைத்தது. அது கடலின் செயல்; அதற்குப் புகாரின் கதையையாவது ஒப்புக் கூறலாம். 2021 நவம்பர் 23ஆம் நாட் காலையில் நிகழ்ந்ததற்கு எக்காப்பியத்திலும் ஒப்பில்லை. புதிய பாலத்தின் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தமையால் மக்கள் மிதவையொன்றில் நீரைக் கடந்துவந்தனர். கிழக்கிலங்கையில் அத்தகைய மிதவைக்குப் ‘பாதை’ என்றே பெயர். அதில் ஏறியவர்கள் வீரச்செயல் புரியப் புறப்பட்டவர்கள் அல்லர். பள்ளிக்கும் பணிக்கும் சென்றவர்கள். பாதை கவிழ்ந்து சிறார் உட்பட அறுவர் அன்றே மாண்டனர். பின்னர் அத்தொகை மேலும் ஏறியது.

அடுத்த ஆண்டு நாடு முழுவதும் வரிசையில் நின்றது. 2022 ஏப்ரில் 12இல் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியது. அதற்கு முன்பே மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணி நேரம்வரை நீண்டிருந்தது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் மக்கள் இரவுபகலாகக் காத்திருந்தனர். மண்ணெண்ணெய் இன்றி மீனவர் தோணிகள் கரையிற் கிடந்தன. ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பதனைக் கொண்ட துறைமுகம் எமது. 1942 ஏப்ரில் 9இல் யப்பானிய வானூர்திகள் அவற்றையும் தாக்கின. உலக வல்லரசுகள் போட்டியிட்ட அத்தாங்கிகள் நிற்கும் மாவட்டத்திலேயே ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு ஒருவன் விடியுமுன் இடம்பிடித்தான். நையாண்டி எழுதுவோர்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இவ்விரண்டையும் கண்ட பின்னர் ‘தண்ணீர்’ நூலின் ஒரு பகுதி முன்போல் இனிக்கவில்லை. வாழ்வை முடித்துக்கொள்ளத் துணிந்த ஜமுனாவுக்கு டீச்சரம்மா தன் இல்லறக் கொடுமைகளை எடுத்துரைக்கின்றாள்; நோயாளிக் கணவனையும் மாமியாரையும் தாங்கிக்கொண்டு தான் வாழ்வதைக் கூறுகின்றாள். அவ்வுரையால் ஜமுனா தேறித் தெருவாரின் நீர்ப்பாட்டிலும் பங்கேற்கின்றாள். அப்பகுதியை நூலின் உச்சமெனப் போற்றுதல் இயல்பு. கலைநோக்கில் யானும் மறுக்கவில்லை. பாத்திரங்களுக்கு அது பொருந்துகின்றது. ஆயினும் பொறுமை எனும் அப்பண்பே குறிஞ்சாக்கேணியிற் காலைதோறும் மக்களை அம்மிதவையில் ஏற்றியது. பாலம் வரும்வரை பொறுத்திருந்தோர், பொறுத்திருந்தமையாலேயே மாண்டனர். தாங்கும் வலிமையைப் பாடும் எழுத்து, தாங்கவேண்டிய நிலையை ஆக்கியோர் யாவர் என்ற வினாவை உறங்கச் செய்துவிடலாம். அசோகமித்திரன் அதனை அறியாதவர் என்று கூற யான் துணியேன். தோண்டிய தெருவை அவர் நூல் நெடுகிலும் மூடாமலே வைத்திருக்கின்றார். ஆனால் அக்குழியை நோக்கி அத்தெருவார் ஒருவரும் உரக்கக் கேட்பதில்லை.

அவரே 1977இல் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நூலில் இதற்கு மறுதலையான முடிவை எழுதினார். 1948இல் ஹைதராபாத் இந்தியாவோடு இணைக்கப்பட்ட காலம். செகந்தராபாத்தில் வாழும் சந்திரசேகரன் என்னும் மாணவனின் கல்லூரியும் கிரிக்கெட்டும் நண்பர்களும் அக்கலக்கத்துக்கு இடையிலும் ஒருவாறு நடைபெறுகின்றன. இறுதியில், ஒரு வீட்டினுள் அச்சத்தால் நடுங்கும் குடும்பத்தைக் காக்கும்பொருட்டு ஓர் இளம்பெண் தன்னையே அவன்முன் ஈடாக நிறுத்துகின்றாள். அவனுக்கு ஆறுதல் சொல்ல அங்கே டீச்சரம்மா எவரும் இல்லை. அவன் அவ்வீட்டைவிட்டு ஓடுகின்றான்.