தரையை அறிந்த கால்

செயற்கைக் காலின் தரத்தை அது நடக்கும் நடையை வைத்துச் சொல்வதே வழக்கம். அதை மாட்டியவர் தரையில் உட்காரும்போது பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. 1950களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவாகி உலகமெங்கும் பரவிய ‘சாக்’ பாதத்தையே எடுத்துக்கொள்வோம். உள்ளே மரக்கட்டை, குதிகாலில் மெத்தை, கணுக்காலில் அசைவே கிடையாது. ஷூ போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, சமதரையில் நடப்பவருக்கு அது நல்ல கால்தான். ஆனால் குத்துக்காலிட்டு உட்காரப் போனால் குதிகால் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். சம்மணமிட்டால் விறைத்த பாதம் தரையில் முட்டி, மிஞ்சிய காலைத் திருகும். ஷூவைக் கழற்றிவிட்டாலோ பாதத்தின் சாயலே இருக்காது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வருகிற, ஈர வரப்பில் வெறுங்காலோடு நடக்கிற மக்களுக்கு அந்தக் கால் மூலையில் சாத்தி வைக்கும் பொருளாகிப் போவதில் வியப்பில்லை.

ஜெய்ப்பூர் கால் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 1960களின் பிற்பகுதியில், ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில், எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கியது அது. சர்மா அதிகம் படிக்காதவர், எல்லோருக்கும் ‘மாஸ்டர்ஜி’. லாரி டயருக்கு ரீட்ரெடிங் செய்வதைப் பார்த்தபோது அவருக்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். கதை எப்படியோ, பாதத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் டயர்க் கடையின் வாசனை நிச்சயம் அடிக்கும். குதிகாலிலும் முன்பாதத்திலும் பஞ்சு ரப்பர்: சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் எம்.சி.ஆர். செருப்பில் இருக்கும் அதே ரப்பர். கணுக்கால் பகுதியில் மட்டும் மரக்கட்டை, அதில் காலோடு பாதத்தைப் பிணைக்கும் போல்ட். இந்த மூன்று துண்டுகளையும் டயருக்குள் ஓடும் நைலான் இழைத்துணியால் வரிந்து கட்டி, மேலே தோல் நிற ரப்பரைப் போர்த்தி, அச்சுக்குள் வைத்து வேகவைக்கிறார்கள். வெந்து வெளியே வரும்போது விரல்களோடு கூடிய ஒரு பாதம் கையில் இருக்கும். சுழலும் மூட்டு, கீல், சுருள்வில் எதுவும் அதில் இல்லை. மேலே வளைவதும், பக்கவாட்டில் சாய்வதும், லேசாகத் திரும்புவதும் முழுக்க ரப்பரின் நெகிழ்ச்சியால் நடப்பவை. எங்கே மெத்தென்று விட வேண்டும், எங்கே இறுக்கிக் கட்ட வேண்டும் என்ற கணக்கில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது. பாதத்துக்கு மேலுள்ள காலை முதலில் அலுமினியத் தகட்டைத் தட்டி வடித்தார்கள். பிறகு தண்ணீர்க் குழாய்க்கான எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் வந்தது. மிஞ்சிய காலை மாவுக்கட்டில் அச்செடுத்து, குழாயைச் சூடேற்றி அந்த அச்சின் மேல் இழுத்துவிட்டால் கால் தயார்.

கார்பன் இழைப் பாதங்கள் வந்த பிறகும் இதைக் கொண்டாடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டத்துக்குக் கார்பன்தான், மிதிக்கும்போது ஆற்றலைச் சேர்த்து வைத்து, காலெடுக்கும்போது திருப்பித் தருகிறது. ரப்பரும் மரமும் அவ்வளவு தராது, கனமும் கூடுதல். இன்னொரு குறை இதைவிட வலுவானது: கையால் செய்வதால் ஒரு கால் போல் இன்னொரு கால் அமைவதில்லை, நேர்கோட்டைக் கண்ணளவில் பார்த்துப் பொருத்தினால் இடுப்பும் முழங்காலும்தான் வலி தாங்க வேண்டும். இதை நான் மறுக்கவில்லை. பொருத்துபவருக்கு நல்ல பயிற்சியும், செய்த காலுக்குச் சோதனையும் கட்டாயம் வேண்டும். ஆனால் அவை பட்டறையைச் சீர்செய்யச் சொல்லும் காரணங்கள். வடிவத்தின் மேல் குற்றமாகா. வேகமாக ஓடுவது சிலரின் தேவை, தரையில் உட்கார்ந்து எழுவது இங்கே அநேகமாக எல்லோரின் தேவை. அந்தத் தேவைக்கு டயர்க் கடையிலும் செருப்புக் கடையிலும் கிடைக்கும் பொருள்களிலிருந்தே விடை கண்டதைத்தான் நான் பெரிய கலை என்கிறேன்.

சாட்சி நம் பரதநாட்டிய மேடையிலேயே இருக்கிறது. 1981இல் தமிழ்நாட்டில் நடந்த விபத்தில் வலது காலை இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு 1984இல் மீண்டும் ஆடினார். அரைமண்டியில் அமர்ந்து, வெறும் பாதத்தால் தரையைத் தட்டி ஆடுகிற கலை அது. அந்தப் பாதத்தை உருவாக்கியவர்கள் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. யாரும் செய்துகொள்ளலாம் என்றானதால், போரில் கால் இழந்தவர்களுக்காக யாழ்ப்பாணத்திலும் அந்தப் பாதம் செய்யப்பட்டது.