தர்க்கத்தின் நடுவே ஒரு விநாடி

கோடை விடுமுறைக்குக் குமாரலிங்கபுரம் வந்திருந்த என் பேரன், கரிசல் வெடித்துக் கிடக்கும் சித்திரை வெயிலில் தெருவில் இறங்கப் பிரியமில்லாமல், பகல் முழுவதும் திண்ணைத் தூணில் சாய்ந்தபடி மடிக்கணினியில் ஒரு ஜப்பானிய விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். பொழுது போகாத கிழவனாகிய நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் அவ்வப்போது மனம் வைத்துத் தமிழில் சொல்லியதைக் கேட்டுக்கொண்டே அதைப் பார்க்கலானேன். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்று இந்த வகைக்குப் பெயராம். வேஷம் கட்டி விடிய விடிய ஆடுவதை ஒரு தொழிலாகவே போற்றி வைத்திருக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமைக்காரனுக்கு ஜப்பான்காரன் வந்து பாத்திரமேற்கச் சொல்லித்தர வேண்டுமா என்று முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இரண்டு நாளில் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

'சகுரா தைசென்' என்னும் அந்த விளையாட்டு 1996 செப்டம்பரில், சேகா கம்பெனியாரின் சாட்டர்ன் என்ற கருவியில் ஆடுவதற்காக வெளிவந்தது. 1923-ஆம் வருஷத்து டோக்கியோவைப் போன்ற ஒரு கற்பனை நகரம். அதன் நடுவே ஒரு பெரிய நாடக அரங்கம். அங்கே மேடையில் பாடி ஆடும் நடிகைகளே, நகரத்தைப் பிசாசுப் படைகள் தாக்கும்போது நீராவியால் இயங்கும் இயந்திரக் கவசங்களுக்குள் ஏறிக்கொண்டு யுத்தத்துக்குப் புறப்படுகிறார்கள். ஆடுபவன் ஏற்க வேண்டிய பாத்திரம் ஒகாமி என்னும் இளம் கடற்படை அதிகாரி. ரகசியப் படைக்குத் தலைமை தாங்கப் போகிறோம் என்ற பெருமிதத்தோடு வந்து சேரும் அந்த வீரனுக்கு முதலில் கொடுக்கப்படும் உத்தியோகம் என்ன தெரியுமோ? அரங்க வாசலில் நின்று டிக்கெட்டுக் கிழிப்பது! இதை எழுதியவன் நாடகக் கொட்டகையின் வாசலையும் அறிந்தவன் என்று அப்போதே என் மனம் அவனிடம் இளகியது.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு விஷயம். ஒரு நடிகை ஒகாமியிடம் ஏதோ கேட்டாள். திரையில் இரண்டு மூன்று விடைகள் தோன்றின. கூடவே நேரத்தை அளக்கும் ஒரு கோடும் தோன்றித் தேய ஆரம்பித்தது. பேரன் விசையில் கை வைக்காமல் சும்மா இருந்தான். கோடு தேய்ந்து தீர்ந்தது. அந்தப் பெண்ணின் முகம் வாடிற்று.

"ஏன்டா, பதில் சொல்லவில்லையா?" என்றேன்.

"சும்மா இருந்தாலும் இதுல அது ஒரு பதில்தான், தாத்தா" என்றான்.

இந்த விதியை நான் புதிதாகக் கேட்கவில்லை. எங்கள் ஊர் மந்தையில், பங்குனிப் பொங்கல் நாடகத்தில், வள்ளிக்கும் வேடனுக்கும் நடக்கும் தர்க்கத்தில் ஐம்பது வருஷமாக நான் கண்டுவரும் விதி அது. பதில் வரவில்லையென்றால் அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு எதிராளி மேலே ஏறிவிடுவான். ஜனங்களும் அவன் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

இந்த விளையாட்டை ஜப்பானியர் மேடைக்குக் கொண்டுபோன விதம் ரஸமானது. 1997-ஆம் வருஷத்தில் தொடங்கி 2006 வரை, இதை உருவாக்கிய ஹிரோய் ஓஜியின் முயற்சியில், தனாகா கோஹேயின் இசையோடு, வருஷந்தோறும் சங்கீத நாடகங்கள் நடந்திருக்கின்றன. விளையாட்டில் குரல் மட்டும் கொடுத்த நடிகைகளே மேடையில் அந்தந்தப் பாத்திரமாக வந்து நின்றார்கள். கதாநாயகி சகுராவுக்குக் குரல் கொடுத்த யோகோயாமா சீஸா என்பவரே கிமோனோவும் தலையில் சிவப்பு நாடாவுமாக ரங்கப் பிரவேசம் செய்தார். இவற்றின் பதிவு ஒன்றைப் பேரன் எனக்குப் போட்டுக் காட்டினான். முதற்பாதியில் நடிகைகள் திரைக்குப் பின்னால் ஒருவரோடொருவர் பிணங்கியும் இணங்கியும் நாட்களைக் கழிக்கிறார்கள். பிற்பாதியில் அதே நடிகைகள் தங்கள் அரங்கின் நாடகத்தை நடிக்கிறார்கள். ஆகவே டிக்கெட் வாங்கி உள்ளே வந்த ரஸிகன், தன்னை அறியாமலேயே கதைக்குள் இருக்கும் அரங்கத்தின் நாற்காலியில் உட்கார்ந்தவனாகிவிடுகிறான். விளையாட்டின் கதையை மேடையில் திருப்பிச் சொல்லாமல், அந்த விளையாட்டுக்குள்ளே குடியிருந்த நாடகக் கம்பெனியையே மேடையேற்றிய இந்த யுக்தியை நான் மனமார மெச்சுகிறேன்.

பின்னால் வந்த அநேகர் இந்த யுக்தியைப் பிடித்துக்கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம். 2003-இல் ஒரு டென்னிஸ் சித்திரக்கதையை மேடையேற்றிப் பெருவெற்றி கண்டதிலிருந்து, சித்திரத்துக்கும் மனிதனுக்கும் நடுவே நிற்பது என்ற பொருளில் இரண்டரைப் பரிமாண நாடகம் என்று அங்கே ஒரு வகையே கிளைத்துவிட்டது. 2014-இல் அதற்கென்று ஒரு சங்கமும் ஏற்பட்டது. பேரன் காட்டிய சிலவற்றில் பாத்திரத்தின் தலைமயிர் நிறம் அப்படியே இருக்கிறது, சட்டைப் பொத்தான் அப்படியே இருக்கிறது, கை வீசும் கோணம்கூட அப்படியே இருக்கிறது. இவ்வளவு அப்படியே இருப்பதற்குப் படத்தையே பார்த்துவிட்டுப் போகலாமே! எங்கள் பக்கத்து ராஜபார்ட் சரிகைக் கோட்டும் ஜிகினாக் கிரீடமுமாக வந்து நின்று, தானே முருகன் என்று ஒரு விருத்தம் பாடிச் சாதித்துவிட்டால், அந்தக் கோட்டை யாரும் குற்றம் சொல்வதில்லை.

விளையாட்டுக்கும் மேடைக்கும் உள்ள இந்தப் பந்தத்தை யோசிக்கும்போது என் மனம் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளிடம் போய் நிற்கிறது. அந்த நாளில் சந்தைகளில் விற்ற பெரிய எழுத்துக் கதைப் புஸ்தகங்களை இக்காலத்துப் பிள்ளைகள் அறியமாட்டார்கள். புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் அல்லியரசாணி மாலை, பவளக்கொடி மாலை முதலியவற்றில் அர்ஜுனன் பாரதத்து அர்ஜுனனாக இருக்கமாட்டான். மதுரையை ஆளும் அல்லி ஆண் வாடையே ஆகாதவள். அவளை அடையக் கிருஷ்ணனின் துணையோடு மாறுவேஷங்கள் போட வேண்டும். அவள் பெற்ற குழந்தை விளையாடப் பவளத்தேர் கேட்கும். அதைத் தேடி இவன் பவளவனத்துக்குப் புறப்பட வேண்டும். அங்கே பவளக்கொடி என்று இன்னொரு பெண் நிற்பாள். ஒரு வேலை முடிந்தால் அடுத்த வேலை, ஒரு காடு கடந்தால் அடுத்த காடு, ஒவ்வொன்றிலும் ஒரு சோதனை, ஒவ்வொன்றிலும் ஒரு பரிசு. பேரனின் விளையாட்டுக்களுக்கும் இதற்கும் வித்தியாசம் காட்டும்படி அவனிடமே கேட்டேன். "இதுல சேவ் பண்ண முடியாது" என்றான்.

எல்லையில்லாமல் கிளைத்து ஓடும் இந்தக் கதைகளையும் புராணங்களையும் எடுத்துச் சுவாமிகள் ஒரே இரவில் முடியும் சங்கீத நாடகங்களாக வகுத்தார்; வள்ளி திருமணம், பவளக்கொடி, அல்லி அர்ஜுனா, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை சுமார் 40. 1918-இல் மதுரையில் அவர் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவனாகச் சேர்ந்த டி.கே. சண்முகம், தன் பொருட்டு அபிமன்யு நாடகத்தைச் சுவாமிகள் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்த ஆச்சரியத்தைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அடித்தல் திருத்தல் இல்லாமல் அப்படி எழுதக்கூடியவர், நாடகம் முழுவதையும் ஒரு எழுத்துப் பிசகாமல் கட்டிப்போட்டிருக்கலாம். ஆயினும் காலப்போக்கில் கம்பெனிகள் கலைந்து, நடிகர்கள் தனித்தனியே ஒப்பந்தம் பேசி வந்து ஆடும் ஸ்பெஷல் நாடகம் நிலைத்தபோது, அவருடைய பாட்டுக்கள் பந்தல் கால்களாக நின்றன. கால்களுக்கு நடுவே இருந்த இடம் நடிகனுடையதாயிற்று. சுவாமிகள் 1922-இல் காலமானார். பந்தல் இன்னும் நிற்கிறது.

ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பு வெளியூர்க்காரருக்கு விளங்குவது சிரமம். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, பபூன் வேறொரு ஊரிலிருந்து; ஹார்மோனியமும் மிருதங்கமும் ஆல்ரவுண்டும் தாளமும் அவரவர் வழியில் வந்து சேரும். முன்னதாக ஒத்திகை கிடையாது. நோட்டீஸில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் போட்டோ அச்சிடப்பட்ட இருவர், அதற்கு முன் ஒருவரையொருவர் மேடையில் சந்தித்திராதவர்களாகவும் இருக்கலாம். இன்னாருக்கு இன்ன பார்ட் என்பதும், இன்ன பார்ட்டுக்கு இன்ன ஆயுதம் என்பதும் மட்டும் நிச்சயம்: ராஜபார்ட்டுக்கு விருத்தம், ஸ்திரீபார்ட்டுக்கு எதிர்க்கேள்வி, நாரதருக்குக் கலகம், பபூனுக்கு நாக்கு. இராப் பத்து மணிக்குப் பபூன் வந்து சபையைக் கலகலப்பாக்கி, டான்ஸ்காரியோடு ஒரு சண்டையை இழுத்து விட்டுப் போன பிறகு கதை ஆரம்பமாகும். (அந்தச் சண்டை இப்போது ஆபாசத்தின் வரப்பிலே நடக்கிறது என்பதும், ஒலிபெருக்கிக்காரன் காதுக்குள்ளேயே உழவு ஓட்டுகிறான் என்பதும் என் வெகுநாளைய மனக்குறைகள்.)

ஒரு வருஷம் நடந்ததைச் சொல்லுகிறேன். மானாவாரி விதைத்த கம்பும் சோளமும் பூட்டை பிடிக்காமல் கருகிப்போன வருஷம் அது. ஆனாலும் சாமி காரியம் நிற்கக் கூடாதென்று ஊரார் வரி போட்டு வள்ளி திருமணம் வைத்திருந்தார்கள். இரண்டு மணிக்கு மேல் இருக்கும். ஒரு பெஞ்சியின் மேல் கவணும் கையுமாக வள்ளி நிற்கிறாள். அந்தப் பெஞ்சிதான் பரண். மான் தேடி வந்த வேடனாக ராஜபார்ட் கீழே நிற்கிறார். பத்து நிமிஷமாகத் தர்க்கம் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. மனிதர் திடீரென்று கதையை விட்டுவிட்டு எங்கள் ஊருக்குள் இறங்கினார். "பெண்ணே, நான் வருகிற வழியெல்லாம் பார்த்தேன், கண்மாய் வறண்டு கிடக்கிறது, காடு கருகிக் கிடக்கிறது, உன் தினைப்புனத்துக்கு மாத்திரம் எந்த ஊர் மழை பெய்தது?" என்று கேட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

சுவாமிகளின் பிரதியில் இதற்கு விடை இல்லை. ஹார்மோனியக்காரர் பாட்டும் வாசிக்காமல் நிறுத்தவும் செய்யாமல் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு அந்த அம்மாளின் முகத்தையே பார்த்தார். மிருதங்கக்காரரின் கை தோலின் மேல் அசையாமல் இருந்தது. சாக்கு விரித்து முன்வரிசையில் படுத்திருந்த கிழவிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் கவணில் கல் வைப்பது போலக் குனிந்தாள், நிமிர்ந்தாள்.

"இந்தச் சீமையில் மழையை நம்பி யார் வேடரே விதைக்கிறார்கள்? வைராக்கியத்தை நம்பியல்லவா விதைக்கிறோம்!"

சொன்ன கையோடு ஆலோலப் பாட்டை எடுத்துவிட்டாள். மந்தையே அதிர்ந்தது. என் பக்கத்திலிருந்த ஆட்டுக்காரக் கிழவி, "ஏத்தா, நல்லாக் கேட்டுக்கிட்டயா" என்று யாரையோ பார்த்துச் சொன்னாள். யாரைப் பார்த்தென்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாட்டு முடிந்ததும் முருகனாக இருக்கவேண்டிய அந்த ராஜபார்ட், வேடனாக இருப்பதையும் மறந்து இரு கைகளையும் தூக்கி அந்த அம்மாளைக் கும்பிட்டார். தோற்றவர் கும்பிடுகிற அழகையும் சேர்த்துத்தான் ஜனங்கள் பணம் குத்தினார்கள்.

அந்தக் குனிந்து நிமிர்ந்த ஒரு விநாடியைத்தான் பேரனின் திரையில் தேய்ந்து மறையும் கோடாக நான் கண்டேன். ஜப்பானிய மேடையில் பாட்டு இருந்தது, பாவம் இருந்தது, விளையாட்டில் கேட்ட குரலே உடம்பெடுத்து வந்து நின்ற அதிசயமும் இருந்தது. அந்தக் கோடு மாத்திரம் இல்லை. அங்கே என்ன பதில் வரும் என்பது எழுதினவனுக்கும் நடிப்பவனுக்கும் முன்னாலேயே தெரியும். விளையாட்டிலோ மூன்று விடைகளும் கணினிக்குள் எழுதி வைக்கப்பட்டவை. ஆடுபவனுக்கு மட்டுமே தெரியாது. எங்கள் மந்தையில் கேட்டவருக்கும் தெரியாது, கேட்கப்பட்டவளுக்கும் தெரியாது, ஹார்மோனியக்காரருக்கும் தெரியாது. ஒரு விளையாட்டை மேடைக்குக் கொண்டுவருகிறவன் வேறு எதை விட்டுவிட்டு வந்தாலும் இந்தத் தெரியாமையை மடியில் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது என் கட்சி. ஊர்ப்பற்றினால் சொல்லுகிறேன் என்று பேரன் கேலி செய்கிறான். இருக்கட்டும்.

அவன் மறுவருஷம் பரீட்சை இல்லாத நாளாகப் பார்த்து வருவதாகச் சொல்லியிருக்கிறான். வாசகர்களும் வரலாம். பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் ஊரில் வள்ளி திருமணம், அனுமதி இலவசம். பகலில் தூங்கி விட்டு, ஒரு பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். தர்க்கம் இரண்டு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும்.