நூறு என்று எண்ணினால் போதுமா?

அருகிவரும் மீனுக்குக் குரோமோசோம் படம் எடுத்துவிட்டால் அதைக் காப்பாற்றும் வேலையில் பாதி முடிந்தது என்ற பேச்சை மீன்வளக் கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கிறேன். ‘இனத்தின் அடையாள அட்டை’ என்கிறார்கள். காவிரியின் திமில் மஹாசீரை வைத்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

குரோமோசோம் எண்ணிக்கையால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. கெண்டைக் குடும்பத்தில் பல மீன்களுக்கு 50 இருக்க, மஹாசீர்களுக்கு 100 என்று காட்டியது இந்த முறைதான். மரபுத்தொகுதி ஒருகாலத்தில் இரட்டித்த வம்சம் இது என்று அதிலிருந்து புரிந்தது. செலவும் குறைவு.

ஆனால் திமில் மஹாசீரை வாட்டுவது அணையும் வெடிவைத்துப் பிடிப்பதும் மட்டுமல்ல. 1970களிலிருந்து காவிரியில் விடப்பட்ட நீலத்துடுப்பு மஹாசீர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2018இல்தான் திமில் மஹாசீர், டோர் ரேமாதேவி என்று அடையாளம் காணப்பட்டது. அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலிலும் ஏறியது. காவிரிப் படுகையின் மாயாற்றில் பிடிபடும் குஞ்சு அசலா, நீலத்துடுப்போடு கலந்ததா என்பதுதான் இப்போது தெரியவேண்டியது. நீலத்துடுப்புக்கும் 100தான். எண்ணிப் பார்த்து என்ன தெரியும்?

‘எண்ணிக்கை ஒன்றானாலும் வடிவம் வேறுபடும்’ என்பது அடுத்த பதில். இங்கேதான் என் நெடுநாள் மறுப்பு. ஜீம்சா சாயமேறிய கண்ணாடித் தகட்டில் நூறு குரோமோசோம்களும் சிந்திய குருணைபோலக் கிடக்கும். ஒவ்வொன்றும் ஓரிரு மைக்ரான் நீளம். குரோமோசோமின் இடுக்குக்கு இருபுறமும் உள்ள கைகளில் நீண்டதைக் குட்டையால் வகுத்து 1.7க்குள் வந்தால் மெட்டாசென்ட்ரிக், தாண்டினால் சப்மெட்டாசென்ட்ரிக். ஒரு கை 1.0, மற்றது 0.6 மைக்ரான் என்றால் விகிதம் 1.67. குட்டைக் கையை 0.5 என்று அளந்துவிட்டால் 2.0, வகையே மாறிவிட்டது. சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டும் எல்லையே ஏறத்தாழ 0.2 மைக்ரான். போதாததற்கு, செல் பிரிவதை நிறுத்தக் கொடுக்கும் கொல்கிசின் கூடுதல் நேரம் வேலைசெய்தால் கைகள் இன்னும் சுருங்கும். இமயமலை ஆறுகளின் புட்டிட்டோரா மஹாசீர் ஒன்றுக்கே, எந்த வகையில் எத்தனை குரோமோசோம் என்று வெவ்வேறு சூத்திரங்கள் வெளிவந்தது இப்படித்தான் இருக்கவேண்டும். அளவுகோலின் தடுமாற்றத்தை இன வேறுபாடு என்று அட்டவணை போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்காக ஒரு மீன் சாகிறது. கொல்கிசின் ஊசி போட்டு, ஓரிரு மணி நேரம் தொட்டியில் விட்டு, பிறகு அறுத்துச் சிறுநீரகத்தை எடுக்கிறார்கள். கடைத்தெருவில் கிடைக்கும் கெண்டைக்கு வகுத்த முறையை விரல்விட்டு எண்ணக்கூடிய மீனிடம் காட்டலாமா? ‘முதல் பதிவு’ என்ற தலைப்புக்கு அந்த விலை மிக அதிகம். வேறு வழியும் இருக்கிறது: மிஸ் கேரளா மீனின் வால்துடுப்பிலிருந்து செல் வளர்த்து நம் நாட்டிலேயே குரோமோசோம் எண்ணியிருக்கிறார்கள். நகக்கண் அளவு துடுப்புத் துண்டு போதும். அசலா கலப்பா என்று சொல்லும் உட்கரு டிஎன்ஏவும் அதே துண்டில் இருக்கிறது. மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிடலாம்.