மூன்று நிமிடப் பாட்டு, 23 நிமிட ஆட்டம்

‘டார்க் ஸ்டார்’ 1968-ல் சிங்கிள் ரெக்கார்டாக வந்தபோது முழுசாக மூன்று நிமிடம்கூட இல்லை. விற்கவும் இல்லை. அடுத்த ஆண்டு வெளியான ‘லைவ்/டெட்’ ஆல்பத்தில் அதே பாட்டு 23 நிமிடம் ஓடுகிறது. கலிஃபோர்னியாவில் 1965-ல் தொடங்கிய சைகடெலிக் ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் பலம் என்ன என்பதற்கு இந்த இரண்டு பதிவுகளே சாட்சி. ஸ்டுடியோ வலைப்பயிற்சி மாதிரி, ஆட்டம் மேடையில்தான்.

30 ஆண்டுகளில் 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள். ஒரே பாட்டை இரண்டு இரவுகள் ஒரே மாதிரி வாசித்ததில்லை. ஜெர்ரி கார்சியாவின் கிட்டாரைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். சிறுவயதில் விறகு வெட்டும்போது வலது கை நடுவிரலின் பெரும்பகுதியை இழந்தவர் அவர். அந்தப் புகழ் நியாயமானதே. ஆனால் ஆட்டத்தின் போக்கை மாற்றியவர் பேஸ் வாசித்த ஃபில் லெஷ் என்றுதான் நான் சொல்வேன். டிரம்பெட்டிலும் நவீன மேற்கத்திய செவ்வியல் இசையிலும் பழகிவிட்டு ராக்குக்கு வந்தவர். வழக்கமாகத் தாளத்தோடு ஒட்டி நடக்கும் பேஸ், அவர் கையில் கார்சியாவுக்கு எதிர்மெட்டு போடும்; சில சமயம் கார்சியாவையே இழுத்துக்கொண்டு போகும். பின்னால் பில் க்ராய்ட்ஸ்மன், மிக்கி ஹார்ட் என இரண்டு டிரம்மர்கள். இதே ஹார்ட்தான் பின்னாளில் ஜாகிர் உசேன், நம் விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு ‘பிளானட் டிரம்’ ஆல்பத்தை உருவாக்கி கிராமி விருது வென்றவர்.

ரசிகர்கள் கச்சேரியைப் பதிவு செய்துகொள்ள அனுமதித்தார்கள். 1984 முதல் அதற்கெனத் தனி இடமே ஒதுக்கினார்கள். கேசட்டுகள் கைமாறிக் கைமாறிக் குழுவின் புகழ் வளர்ந்தது. பணத்தில் கெட்டியாக இருந்த காலத்தில் இதைச் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்களுடைய ஒரே டாப் 10 பாட்டு ‘டச் ஆஃப் கிரே’ வந்ததே 1987-ல்தான். வசதி வந்ததும் கொடுக்கவும் செய்தார்கள். புதிதாக விடுதலை பெற்றுப் பணமில்லாமல் தவித்த லிதுவேனிய கூடைப்பந்து அணிக்கு 1992 ஒலிம்பிக்ஸுக்காக நிதி தந்தார்கள். அந்த அணி பார்சிலோனாவில் வெண்கலம் வென்று, குழுவின் பாணியில் அமைந்த வண்ணச் சட்டைகளைப் போட்டுக்கொண்டே பதக்க மேடை ஏறியது.

கடைசி ஆண்டுகளின் சரிவை மறைக்க முடியாது. 1986-ல் சர்க்கரை நோயால் கோமா வரை போய் மீண்ட கார்சியாவை, போதைப் பழக்கம் விடவில்லை. 1990-களில் வரிகளை மறந்தார், விரல்கள் தடுமாறின. 1995 ஆகஸ்டில் 53 வயதில் இறந்தார். மற்றவர்கள் அந்தப் பெயரில் தொடரவில்லை. புதிதாகக் கேட்க வருகிறவர்கள் அந்தக் காலப் பதிவுகளில் தொடங்க வேண்டாம். 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் வாசித்ததைக் கேளுங்கள். குழுவினர் எல்லோரும் ஒருவரையொருவர் முழுக் கவனத்தோடு கேட்டு வாசித்த இரவு அது.