மூலையில் ஒரு வகுப்பறை

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையில், சமையலறையை வசதியாக்க மருமகள் மீனாட்சி யோசனை சொல்கிறாள். மாமனார் ஏற்பதில்லை, ஜன்னலில் தெரிந்த மலையையும் துணிக்கொடிகள் மறைக்கின்றன. வீட்டில் யாருக்கு எந்த இடம் என்று முடிவுசெய்வது யார்? கதையின் கேள்வி இதுதான்.

2020 ஊரடங்கில் அம்பத்தூர் வீட்டிலிருந்து இதை இணையவழியில் நடத்தினேன். மேசை கணவருக்கு, எனக்குச் சமையல் மேடை. குக்கர் விசிலடித்தால் மைக்கை அணைப்பேன். இதற்குத்தான் ‘வேலை-வீடு சமநிலை’ என்று பெயர். 2019 தேசியக் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலை செய்வோரில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். தொற்றுக்கு முன்பே தராசு சாய்ந்துதான் இருந்தது.

பதில் சொல்லாத மாணவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். “அடுப்படியில இருக்கேன் மேடம்” என்றாள். கதைக்குள்ளிருந்தே பாடம் கேட்டிருக்கிறாள். நான் நடத்தியதும் அங்கிருந்துதான்.